எது ஆடம்பரம்? நீரிணைக் குடியேற்றங்களின் வரி விவாதமும் உழைப்பாளரின் சுமையும்

வரலாற்று ஆவணங்களைப் படிக்கும்போது நம் கவனம் பெரும்பாலும் ஆண்டுகளிலும் ஆட்பெயர்களிலும் தங்கிவிடுகிறது. பொருள்களுக்குச் சூட்டப்பட்ட அடைமொழிகளை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். ‘இன்றியமையாப் பொருள்’, ‘ஆடம்பரப் பொருள்’ என்னும் தொடர்கள் வெறும் வருணனைகளாகவே நமக்குத் தோன்றுகின்றன. ஆயினும் ஆட்சியாளரின் ஏட்டில் இவ்விரு தொடர்களும் பெரும்பணி ஆற்றியுள்ளன. ஒரு பொருள் இன்றியமையாதது எனப்பட்டால் அதன்மீது வரி விதிப்பது கொடுமையாகும். ஆடம்பரம் எனப்பட்டால் அதே வரி நியாயமாகும், சில வேளைகளில் அறமாகவும் ஆகும். ஆகவே, எது ஆடம்பரம் என்பதை வரையறுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினா வரி வரலாற்றின் நடுவில் நிற்கிறது.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் இவ்வினா நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தின் போக்கை இவ்வுரையில் நாம் ஆராய்வோம். நம் கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். இந்நாடுகளில் ஆடம்பர வரி என்று நியாயப்படுத்தப்பட்டது, நடைமுறையில் உழைப்பாளரின் களைப்பின்மீது விதிக்கப்பட்ட வரியாகவே இருந்தது. பெயர் சூட்டியோர் ஒரு சாரார். பணம் செலுத்தியோர் மற்றொரு சாரார். பின்னவரின் குரல் ஏடுகளில் மிகக் குறைவாகவே பதிவாயிற்று.

சொல் பிறந்த இடம்

அபினை ஆடம்பரப் பொருளாகக் கருதும் ஆட்சி மொழியை நாம் வங்காளத்தில் காண்கிறோம். கிழக்கிந்தியக் கும்பினி 1773இல் வங்காளத்தின் அபின் கொள்முதலைத் தன் முற்றுரிமையின்கீழ்க் கொண்டுவந்தது. அப்போது அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், அபின் வாழ்க்கைக்குத் தேவையான பொருள் அன்று என்றும், தீங்கு தரும் ஆடம்பரப் பொருள் என்றும் கருத்துரைத்தார். உள்நாட்டில் அதன் பயன்பாட்டை மட்டுப்படுத்த வேண்டும் என்பதும், வெளிநாட்டு வணிகத்திற்கு மட்டுமே அதை அனுமதிக்கலாம் என்பதும் அவருடைய நிலைப்பாடு. இதன் உட்பொருளை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தீங்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட பொருளே கடல் கடந்து விற்கத் தகுந்ததாயிற்று. அவ்வாறு கடல் கடந்த அபினின் பாதை மலாக்கா நீரிணை வழியாகவே சீனத்தை நோக்கிச் சென்றது.

மூன்றாண்டுகள் கழித்து, 1776இல், ஆதம் சுமித்தின் ‘நாடுகளின் செல்வம்’ வெளிவந்தது. நுகர்பொருள்களை இன்றியமையாதவை, ஆடம்பரமானவை என அவர் இரண்டாகப் பகுத்தார். உயிர் வாழத் தேவையானவை மட்டுமே இன்றியமையாதவை என்று அவர் கொள்ளவில்லை. ஒரு நாட்டின் வழக்கப்படி, மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள மதிப்புள்ள மனிதரும் எப்பொருளின்றி வெளியில் தலைகாட்ட நாணுவரோ அப்பொருளும் இன்றியமையாததே என்றார். லினன் சட்டையும் தோல் காலணியும் அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள். பீர், புகையிலை, தேயிலை, சர்க்கரை போன்றவை ஆடம்பர வரிசையில் சேர்ந்தன. அச்சொல்லால் அவற்றை அளவோடு நுகர்வோரைப் பழிப்பது தம் நோக்கமன்று என்றும் அவர் விளக்கினார். இன்றியமையாப் பொருளின்மீது விதிக்கும் வரி கூலியை உயர்த்திவிடும் என்பதும், ஏழைகளின் ஆடம்பரத்தின்மீது விதிக்கும் வரி அவ்வாறு செய்யாது என்பதும் அவர் வாதம். கடமையுணர்வுள்ள ஏழை அத்தகைய பொருளைக் குறைத்துக்கொள்வான் என அவர் எதிர்பார்த்தார்.

கும்பினியின் இலண்டன் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை பணியாற்றிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம் குறித்து’ என்னும் நூலில் இவ்வாதத்தை மேலும் கொண்டு சென்றார். ஒரு பொருளைக் கிட்டாதபடி செய்வதற்காகவே வரி விதிப்பது தடை விதிப்பதற்கு ஒப்பாகும் என்று அவர் எச்சரித்தார். எனினும் அரசுக்கு வருவாய் வேண்டும்; வரி விதித்தே தீரவேண்டுமெனில் மக்கள் எளிதில் விட்டுவிடக்கூடிய பொருள்களைத் தேர்ந்தெடுப்பதே முறை என்றார். ஆகவே மதுவகை போன்ற கிளர்ச்சியூட்டும் பொருள்களுக்கு, மிகுந்த வருவாய் கிட்டும் அளவுவரை வரி விதிப்பதை அவர் ஏற்றார்.

இவ்விரு அறிஞர்களின் வாதமும் ஒரு முன்நிபந்தனையைச் சார்ந்துள்ளது. வரிப்பொருளை வாங்குவோருக்கு அதை விட்டுவிடும் உரிமையும் ஆற்றலும் இருத்தல் வேண்டும். அந்நிபந்தனை நீரிணைக் குடியேற்றங்களில் நிறைவேறியதா என்பதே நாம் இனிக் காணவேண்டியது.

சுங்கமில்லாத் துறைமுகமும் வரிக்குத்தகையும்

முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனச் சிறப்புப்பெயர் பெற்றதைத் தமிழ் மாணவர்கள் அறிவர். சுங்கத்தை நீக்குவது புகழுக்குரிய செயல் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 1819இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரைச் சுங்கமில்லாத் துறைமுகமாக நிறுவினார். எந்நாட்டுக் கப்பலும் சரக்கும் தீர்வையின்றி வந்து செல்லலாம் என்பதே அத்துறைமுகத்தின் உயிர்மூச்சு. 1826இல் மூன்று குடியேற்றங்களும் ஓர் ஆட்சியின்கீழ் இணைந்தபோது பினாங்குக்கும் மலாக்காவுக்கும் அக்கொள்கை விரிந்தது.

சரக்குக்குத் தீர்வை இல்லையெனில் காவலருக்கும் சாலைக்கும் நீதிமன்றத்திற்கும் பணம் எங்கிருந்து வரும்? முதல் ரெசிடென்டாக இருந்த வில்லியம் ஃபார்க்குவார் 1820இல் விடை கண்டார். அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் உரிமையை அவர் குத்தகைக்கு விட்டார். அரசு ஏலம் விடும். மிகுந்த தொகை தர முன்வருபவர் குறிப்பிட்ட காலத்திற்கு முற்றுரிமை பெறுவார். மாதந்தோறும் அரசுக்குக் குத்தகைப் பணம் செலுத்துவார். மக்களிடமிருந்து எவ்வளவு ஈட்டுகிறாரோ அது அவர் பாடு. வரி தண்ட அரசு அலுவலர் எவரும் வேண்டியதில்லை. பின்னர்ப் பன்றி இறைச்சி, வெற்றிலை, கள்ளும் பங்கியும், அடகுக்கடை முதலியவற்றுக்கும் குத்தகைகள் தோன்றின.

சூதாட்டக் குத்தகையை ராஃபிள்ஸ் வெறுத்தார். 1823இல் அதைத் தடை செய்தார். அவர் நீங்கியபின் பொறுப்பேற்ற ஜான் கிராஃபர்ட் அதை மீண்டும் கொண்டுவந்தார். மக்கள் எவ்வாறாயினும் சூதாடுவர், அதை ஒழுங்குபடுத்தி வருவாய் பெறுவதே நன்று என்பது அக்கால ஆட்சியாளர் பலர் கூறிய காரணம். நடுவர் குழுவின் கண்டனத்திற்குப் பின் 1829இல் சூதாட்டக் குத்தகை முற்றிலும் நீக்கப்பட்டது. அபின் குத்தகையோ நிலைத்து நின்றது. தீய பழக்கத்திலிருந்து அரசு வருவாய் பெறலாகாது என்னும் அறக்கொள்கையே முடிவைத் தீர்மானித்ததெனில் இரண்டும் ஒருங்கே நீங்கியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

குத்தகைப் பணம் எதற்குப் பயன்பட்டது என்பதற்கும் ஒரு சான்று காட்டலாம். பன்றி இறைச்சிக் குத்தகையின் வருவாய், ஆதரவற்ற சீன நோயாளிகளைப் பேணும் இல்லத்திற்குச் செலவிடப்பட்டது. 1837இல் அக்குத்தகை நீக்கப்பட்டதும் அந்நோயாளிகளுக்கான நிதி வற்றியது. தெருவில் நோயாளிகள் கிடந்த நிலையில், 1844இல் டான் டொக் செங் அளித்த நன்கொடையால் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏழைகள் உண்ட பொருளின் வரியே ஏழைகளின் மருத்துவச் செலவாகவும் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. வணிகத்தின் பெரும் ஆதாயம் அக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை.

யார் செலுத்தினர்?

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு வரை அபினிலிருந்து வந்தது. அதைச் செலுத்தியோர் யாவர்? தென்சீனத்திலிருந்து கடன்பட்டு வந்த புதுத் தொழிலாளர், காம்பியர், மிளகுத் தோட்டங்களில் காடு திருத்தியோர், ஈயச் சுரங்கத்தில் நீரில் நின்று மண் வெட்டியோர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், பின்னர்க் கைரிக்‌ஷா இழுத்தோர் ஆகியோரே அவர்கள்.

வங்காளத்திலிருந்து வந்த அபின் உருண்டைகளைக் குத்தகைதாரர் காய்ச்சிச் ‘சண்டு’ ஆக்கினார். அது சிறுசிறு பொட்டலங்களாக விற்கப்பட்டது. தலைவலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஏழைத் தொழிலாளிக்கு எட்டிய மருந்து அதுவே. மருத்துவர் இல்லாத காட்டில், நாளெல்லாம் உழைத்தபின் உடல்வலியை மறந்து மறுநாள் வேலைக்கு எழ அது உதவிற்று. பழக்கம் முற்றியபின் அது இல்லாமலே எழ இயலாத நிலை வந்தது. ஆதம் சுமித்தின் அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும், இத்தகைய பொருளை ஆடம்பரம் என்று துணிந்து கூறுவது எளிதன்று.

கார்ல் டிரோக்கி முதலிய வரலாற்றாசிரியர்கள் இக்குத்தகையின் மற்றொரு முகத்தையும் விளக்கியுள்ளனர். அபின் குத்தகையை எடுத்த பெருவணிகர்களே காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்கு முன்பணம் கொடுத்தவர்களாகவும் இருந்தனர். தோட்டத்திற்கு அரிசியும் சண்டும் அவர்கள் கடையிலிருந்தே சென்றன. தொழிலாளிக்குக் கொடுத்த கூலி, சண்டின் விலையாக அவர்களிடமே திரும்பிற்று. விளைபொருளின் விலை சரிந்த காலத்திலும் அபின் ஆதாயம் முதலீட்டாளரைக் காத்தது. கூலி கொடுப்பவரும் அக்கூலியை விழுங்கும் பொருளை விற்பவரும் ஒருவரேயாக இருக்கும் இடத்தில், வாங்குவதும் வாங்காமலிருப்பதும் தொழிலாளியின் விருப்பம் என்று கூறுவது எவ்வளவு தூரம் பொருந்தும்?

இதே துறைமுகத்தில் ஐரோப்பிய மதுவும் பட்டும் சுருட்டும் பீங்கானும் நெடுங்காலம் சுங்கமின்றி இறங்கின. செல்வர் நுகர்ந்த ஆடம்பரப் பொருள்களில் பெரும்பாலானவை சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் கொள்கையின் நிழலில் தங்கின. உழைப்பாளரின் நுகர்பொருள்கள் குத்தகையின் வலைக்குள் இருந்தன.

வணிகரின் எதிர்ப்பு

வரிச்சுமையை வேறு இடத்திற்கு மாற்றும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. கடற்கொள்ளையரை அடக்கும் செலவுக்காக நீரிணைத் துறைமுகங்களின் வணிகத்தின்மீது தீர்வை விதிக்கும் சட்ட வரைவை இந்திய ஆட்சி 1836இல் முன்வைத்தது. சிங்கப்பூர் வணிகர் கடுமையாக எதிர்த்தனர், இலண்டனில் ஜான் கிராஃபர்ட் அவர்கள் சார்பில் வாதாடினார், வரைவு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் வணிகர் சங்கம் உருவாயிற்று. 1850களில் துறைமுகக் கட்டணம் விதிக்கும் எண்ணம் மீண்டும் எழுந்தபோது எதிர்ப்பும் மீண்டும் எழுந்தது. இந்திய ஆட்சியிலிருந்து பிரித்துவிடுமாறு வணிகர் 1857இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பத்திற்கு இத்தகைய மனக்குறைகளும் காரணமாயின. 1867 ஏப்ரல் 1ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடி முடியாட்சிக் குடியேற்றமாயின.

வருமான வரியின் கதையும் இதனையே காட்டுகிறது. ஜேம்ஸ் வில்சன் 1860இல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். நீரிணைக் குடியேற்றங்களில் அதைப் புகுத்தும் முயற்சி வேரூன்றவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1910–11இல், ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சன் காலத்தில் வருமான வரி மசோதா மீண்டும் முன்வைக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. முதல் உலகப் போரின்போது 1917இல் வந்த போர் வரியும் நிலைக்கவில்லை.

வணிகரின் வாதத்தை நாம் இகழ வேண்டியதில்லை. சிங்கப்பூரின் வளம் கடல் வணிகத்தைச் சார்ந்தது; தீர்வை விதித்தால் கப்பல்கள் டச்சுத் துறைமுகங்களை நாடக்கூடும்; வணிகம் நலிந்தால் தொழிலாளியின் வேலையும் நலியும். பல மொழிகளில் கணக்கு எழுதும் கடைகளின் வருமானத்தை அளப்பதும் எளிதன்று. இவை உண்மையான இடர்கள். ஆயினும் ஒன்றை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். வணிகருக்குச் சங்கம் இருந்தது, செய்தித்தாள் இருந்தது, பின்னர்ச் சட்டமன்றத்தில் இடமும் இருந்தது, இலண்டனில் வழக்காட ஆளும் இருந்தார். சண்டு வாங்கிய சுமைத்தொழிலாளிக்கு இவற்றில் ஒன்றுமில்லை. எந்த வரி ‘இயலாதது’ என்றும் எந்த வரி ‘இயல்பானது’ என்றும் முடிவானதில் இவ்வேற்றுமைக்குப் பெரும்பங்கு உண்டு.

எதிர்க்குரல்கள்

அபின் வருவாயைக் கேள்விக்குள்ளாக்கிய குரல்கள் தொடக்கத்திலேயே எழுந்தன. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் லிட்டில் 1848இல் அபின் பழக்கம் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அபின் கடைகளையும் நோயாளிகளையும் நேரில் கண்டு அவர் எழுதிய அக்கட்டுரை, இப்பழக்கம் உழைப்பாளரைச் சீரழிப்பதை விரிவாகக் காட்டிற்று. குத்தகை முறை அதன்பின் 60 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1893 முதல் 1895 வரை செயல்பட்ட அபின் பற்றிய அரச ஆணையம், இந்திய அபின் வணிகத்தைத் தொடர்வதற்குச் சார்பாகவே முடிவு கூறியது. 1906ஆம் ஆண்டு காற்றின் திசையை மாற்றிற்று. இவ்வணிகம் அறத்தின்படி ஏற்கத்தக்கதன்று என்னும் தீர்மானத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை மே மாதம் நிறைவேற்றியது. பத்தாண்டுகளில் அபினை ஒழிக்கும் ஆணையைச் சீனப் பேரரசு செப்டம்பரில் பிறப்பித்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் மருத்துவர்கள் லிம் பூன் கெங்கும் யின் சுவாட் சுவானும் அபின் எதிர்ப்பு இயக்கத்தை முன்னெடுத்து, பழக்கத்திற்கு அடிமையானோர்க்குச் சிகிச்சை இல்லமும் தொடங்கினர்.

நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்குமாக 1907இல் ஓர் ஆணையம் அமைந்தது. சீனச் சமூகத்தின் முன்னோடிகளில் ஒருவரான டான் ஜியாக் கிம்மும் மெதடிஸ்டு ஆயர் வில்லியம் ஓல்டமும் அதன் உறுப்பினர்களுள் அடங்குவர். பலரிடம் சாட்சியம் பெற்று 1908இல் அது அறிக்கை அளித்தது. அளவோடு புகைப்பதால் பெருந்தீங்கு இல்லை என்னும் பக்கமே அறிக்கை சாய்ந்தது. உடனடித் தடையை அது வேண்டவில்லை; குத்தகை முறையை நீக்கி அபின் உற்பத்தியையும் விநியோகத்தையும் அரசே ஏற்க வேண்டும் என்றது. 1910 ஜனவரி முதல் அரசின் முற்றுரிமை நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் பகுதியில் இன்றும் ‘புக்கிட் சண்டு’ என்று வழங்கும் குன்றின் பெயர், அங்கு இயங்கிய அரசுச் சண்டுத் தொழிற்சாலையை நினைவூட்டுகிறது.

இங்குதான் ஆடம்பரம் என்னும் வாதத்தின் முடிச்சு வெளிப்படுகிறது. வரியின் நோக்கம் நுகர்வைக் குறைப்பதெனில், நுகர்வு குறையும்போது அரசு மகிழ வேண்டும். வரியின் நோக்கம் வருவாயெனில், நுகர்வு குறையும்போது அரசு வருந்தும். நீரிணை அரசு இரண்டையும் தன் நோக்கமெனக் கூறியது. அபினுக்கு எதிரான கருத்து வலுத்த அதே ஆண்டுகளில், அபின் வருவாய்க்கு மாற்றாக அமையக்கூடிய வருமான வரி மசோதா வீழ்த்தப்பட்டது. ஆகவே அபின் தொடர்ந்தது. 1925இல் அபின் வருவாய் மாற்று நிதி ஒன்று உருவாக்கப்பட்டதே, கருவூலம் இப்பொருளை எவ்வளவு சார்ந்திருந்தது என்பதற்குச் சான்று. 1933இல் மருத்துவர் சென் சூ லான் அபின் அடிமைகளுக்கான மருத்துவ நிலையத்தைத் தொடங்கியபோதும் அரசின் சண்டுக் கடைகள் திறந்தே இருந்தன. கீழ்த்திசைக் குடியேற்றங்களை மீட்டபின் அபின் புகைத்தலைத் தடை செய்வதாகப் பிரிட்டன் அறிவித்தது 1943 நவம்பரில்தான். தடை 1946இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, கடும் எதிர்ப்புக்கிடையிலும், வருமான வரிச் சட்டம் நிறைவேறி 1948 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. ஒன்று மறைந்ததும் மற்றொன்று தோன்றியதும் தற்செயல் என்று நாம் கருத இயலாது.

கள்ளுக்கடையும் தமிழ்த் தொழிலாளரும்

இவ்வரலாற்றில் நம் முன்னோரின் பங்கு கள்ளுக்கடையோடு பிணைந்துள்ளது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து பெருந்திரளாகத் தொழிலாளர் வந்தனர். தோட்டத்திலும் அதன் அருகிலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்கின. திருட்டுத்தனமாகக் காய்ச்சும் சம்சுவைவிடக் கள் தீங்கு குறைந்தது என்பதும், கடையை ஒழுங்குபடுத்துவதே பாதுகாப்பு என்பதும் அதிகாரிகளும் தோட்ட நிருவாகங்களும் கூறிய காரணம். அக்காரணம் முற்றிலும் பொய்யன்று. சம்சுவால் உயிரிழந்தோர் உண்டு. ஆயினும் பால்மரம் வெட்டிப் பெற்ற கூலியில் ஒரு பகுதி, தோட்ட எல்லைக்குள்ளேயே கரைந்துபோவதற்கு அக்கடை வழிவகுத்தது. காம்பியர்த் தோட்டத்துச் சண்டுக் கடைக்கும் ரப்பர்த் தோட்டத்துக் கள்ளுக்கடைக்கும் உள்ள ஒப்புமை தெளிவானது.

திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ தனி அதிகாரமாக அமைந்துள்ளது. தமிழ் அறநூல் மரபு கள்ளைத் தனிமனித ஒழுக்கத்தின் வினாவாகக் கண்டது. அம்மரபில் வளர்ந்த நாம், தோட்டத் தொழிலாளியின் குடிப்பழக்கத்தையும் அவருடைய ஒழுக்கக் குறைவாகவே பார்க்கப் பழகிவிட்டோம். தொழிலாளர் தாமே இவ்வினாவை வேறு வகையில் எழுப்பினர் என்பதை வரலாறு காட்டுகிறது.

சிங்கப்பூரில் 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் மதுப்பழக்கத்திற்கு எதிராகப் பேசின. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட பெரும் வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, மதிப்பான நடத்தை ஆகியவற்றுடன் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. படை வரவழைக்கப்பட்டு அவ்வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. போருக்குப் பின், 1946–47இல், கெடா மாநிலத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தது. காவல்துறையோடு மோதலும் நிகழ்ந்தது.

கள்ளுக்கடையை மூடும் கோரிக்கை கூலி உயர்வுக் கோரிக்கையின் அருகில் எழுதப்பட்டதன் பொருளை நாம் சிந்திக்க வேண்டும். கூலியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் ஏற்பாட்டைத் தொழிலாளர் கண்டுகொண்டனர். ஆதம் சுமித்தையும் மில்லையும் அவர்கள் படித்திருக்கவில்லை. எனினும், விட்டுவிடும் உரிமை இருந்தால்தான் அது ஆடம்பரம் என்னும் முன்நிபந்தனையின் வேரையே அவர்கள் தொட்டனர். கடை வாசலில் இருக்கும்வரை அவ்வுரிமை ஏட்டளவே என்பது அவர்கள் பட்டறிவு.

வகுப்பறையில் இவ்வரலாறு

ஆடம்பர வரி என்னும் கருத்தே தவறு என்று இதனால் நாம் முடிவுகட்டவில்லை. உடலுக்குத் தீங்கான பொருளுக்குக் கூடுதல் வரி விதிப்பதற்கும், செல்வர் நுகரும் விலையுயர்ந்த பொருளிலிருந்து பொதுச் செலவுக்குப் பணம் பெறுவதற்கும் வலுவான காரணங்கள் உள்ளன. இன்றும் புகையிலைக்கும் மதுவுக்கும் நம் நாடுகள் உயர்ந்த தீர்வை விதிக்கின்றன. குடியேற்றக் கால வரலாறு நமக்குக் கற்பிப்பது, அத்தகைய வரியை ஆராயும் முறையை.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயிற்சியாக அமைக்கலாம். 1836இன் தீர்வை வரைவு, 1908இன் ஆணைய அறிக்கை, 1910–11இன் வருமான வரி மசோதா, 1941இன் தொழிலாளர் கோரிக்கை ஆகிய நான்கையும் மாணவர்முன் அடுத்தடுத்து வைத்து மூன்று வினாக்களை எழுப்பச் சொல்லலாம். பொருளுக்கு ஆடம்பரம் என்று பெயர் சூட்டியவர் யார்? அவ்வரியின் பணம் யார் கையிலிருந்து வந்தது? முடிவெடுத்த அவையில் அவர்களுக்காகப் பேச யார் இருந்தார்? முதல் மூன்று ஆவணங்களில் விடைகள் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டும். நான்காவதில்தான் வரி செலுத்தியவர் தாமே பேசுகிறார்.

மொழி பயிலும் மாணவருக்கு இதில் தனிப் பயன் உண்டு. குத்தகை, தீர்வை, சுங்கம், ஆயம், உல்கு எனத் தமிழில் வரி பற்றிய சொற்கள் செழித்துள்ளன. அவை ஒவ்வொன்றும் கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் இடையேயான ஓர் உறவைச் சுட்டுகின்றன. அவ்வுறவை விளங்கிக்கொண்டு படிக்கும் மாணவர், ஒரு வரவுசெலவுத் திட்ட உரையைக் கேட்கும்போதும் அதில் வரும் அடைமொழிகளை எளிதில் கடந்துவிடமாட்டார். நீரிணைக் குடியேற்றங்களின் அபின் கணக்கில் பெயரின்றி மறைந்துபோன உழைப்பாளருக்கு நாம் செய்யக்கூடிய நன்றிக்கடன், அத்தகைய வாசிப்பை நம் வகுப்பறைகளில் வளர்ப்பதாகும்.